கப்பல்களைப் பேச வைத்த மார்க்கோனி

1912ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 25ஆம் தேதி. இத்தாலி நாட்டில் ஒரு கார் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று அது வேறொரு காருடன் மோதியது. காரில் இருந்தவர் உயிர் தப்பினார். ஆனால் அவருடைய வலது கண் போய்விட்டது.

அவர் யார் தெரியுமா? அவர்தான் மார்க்கோனி!

நடுக்கடலில் கப்பலும் கப்பலும் பேசிக்கொள்ள வழி செய்தவர் அவர். ஆனால் சாலையில் வந்த இரண்டு கார்களுக்கு அன்று பேசத் தெரியாது.

இன்று கார்களும் பேசக் கற்று வருகின்றன. பேசினால் மட்டும் போதுமா? பேசுவது யார் என்று தெரிய வேண்டாமா? இந்தக் கேள்வி மார்க்கோனி காலத்திலேயே எழுந்தது.

மாடி அறை

மார்க்கோனி 1874ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் தேதி இத்தாலியில் உள்ள பொலோனா நகரில் பிறந்தார். தந்தை நிலச்சுவான்தார். தாய் அயர்லாந்து நாட்டுப் பெண்.

கண்ணுக்குத் தெரியாத மின் அலைகள் உண்டு என்று ஹெர்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி காட்டியிருந்தார். அந்த அலைகளைக் கொண்டு தந்தி அடித்தால் என்ன? கம்பியே வேண்டாமே! இப்படி நினைத்தார் மார்க்கோனி.

வீட்டு மாடியிலேயே சோதனைகள் செய்தார். 1895ஆம் ஆண்டு, ஒரு மைலுக்கு அப்பால், குன்றுக்கு மறுபுறம் இருந்த கருவிக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது. அப்போது அவருக்கு வயது 21.

மறு ஆண்டு தாயுடன் இங்கிலாந்துக்குப் போனார். தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கேட்டார். 1897ஆம் ஆண்டு கம்பெனி தொடங்கினார். 1901ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் தேதி, இங்கிலாந்திலிருந்து அனுப்பிய மூன்று புள்ளிகளை அட்லாண்டிக் கடலுக்கு மறுகரையில் கேட்டதாக அறிவித்தார். இடையே இருந்தது 2,000 மைலுக்கு மேற்பட்ட தூரம்! உலகம் வியந்தது.

வித்தைக்காரர் செய்த வேலை

ஆனால் சிலருக்கு ஒரு சந்தேகம். ஆகாயத்தில் போகும் செய்தியை யார் வேண்டுமானாலும் கேட்கலாமே! ரகசியம் எப்படி நிற்கும்?

மார்க்கோனி அதற்கும் வழி சொன்னார். ரேடியோவில் முள்ளைத் திருப்பி ஒரு நிலையத்தைப் பிடிக்கிறோம் அல்லவா? அதுபோல ஒவ்வொரு கருவிக்கும் தனி அலை வைத்துக்கொள்ளலாம். இதற்காக 1900ஆம் ஆண்டு 7777 என்ற எண்ணுள்ள காப்புரிமை பெற்றார். இனி அயலார் குறுக்கிட முடியாது என்று நம்பினார்.

1903ஆம் ஆண்டு ஜூன் மாதம். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் மண்டபத்தில் கூட்டம் கூடியிருந்தது. மார்க்கோனியின் நண்பர் பேராசிரியர் பிளெமிங் பேசிக்கொண்டிருந்தார். 300 மைலுக்கு அப்பால், கார்ன்வால் கடற்கரையில் இருந்து மார்க்கோனி செய்தி அனுப்ப வேண்டும்.

அதற்கு முன்பே கருவி தட்டத் தொடங்கியது! எலிகள் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் திரும்பத் திரும்ப வந்தது. பிறகு மார்க்கோனியைக் கேலி செய்யும் பாட்டு வந்தது. உதவியாளர் திகைத்துப் போனார்.

அனுப்பியவர் மாஸ்கலின் என்ற வித்தைக்காரர். மேடையில் கண்கட்டு வித்தை செய்கிறவர். கம்பியில்லாத் தந்தியும் அறிந்தவர். கடலடித் தந்திக் கம்பெனி ஒன்று, மார்க்கோனியை வேவு பார்க்க முன்பே அவரை அமர்த்தியிருந்தது. மண்டபத்துக்கு அருகிலிருந்தே அவர் அலைகளை வீசிவிட்டார்.

பிளெமிங் கொதித்தார், பத்திரிகைக்கு எழுதினார். மாஸ்கலின் ஒளியவில்லை. தாமே செய்ததாக ஒப்புக்கொண்டார். குறையைக் காட்டியது பொதுநன்மைக்காக என்று வாதாடினார்.

அவர் செய்தது குறும்புதான். ஆனால் அதில் உண்மை இருந்தது. கருவி செய்தியை வாங்கிக்கொண்டதே தவிர, அனுப்பியவர் யார் என்று கேட்கவில்லை!

டைட்டானிக்

1909ஆம் ஆண்டு மார்க்கோனிக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஜெர்மனியின் பிரௌன் என்பவரும் அதைப் பகிர்ந்துகொண்டார்.

1912ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதியது. அதில் இருந்த தந்திக்காரர்கள் மார்க்கோனி கம்பெனி ஆட்கள். அவர்கள் அனுப்பிய அபயக் குரலைக் கேட்டுக் கார்பேத்தியா கப்பல் விரைந்து வந்தது. 700 பேருக்கு மேல் உயிர் பிழைத்தார்கள். சுமார் 1,500 பேர் மாண்டார்கள்.

அதே நாளில் இன்னொரு கொடுமையும் நடந்தது. கப்பல் மூழ்கவில்லை, பயணிகள் அனைவரும் பத்திரம், கப்பலை ஹாலிபாக்ஸ் துறைமுகத்துக்கு இழுத்து வருகிறார்கள் என்று செய்தி பரவியது. பத்திரிகைகள் அச்சிட்டன. உற்றார் உறவினர் ஆறுதல் அடைந்தார்கள். பிறகு உண்மை தெரிந்து கதறினார்கள். ஆகாயத்தில் பல செய்திகள் ஒன்றோடொன்று கலந்ததால் வந்த வினை இது என்பார்கள்.

அந்த ஆண்டே அமெரிக்கா சட்டம் செய்தது. ரேடியோ செய்தி அனுப்ப லைசென்ஸ் வேண்டும். பொய்யாக அபயக் குரல் எழுப்பினால் தண்டனை. அதற்கு அடுத்த மாதமே மார்க்கோனி கண்ணை இழந்தார். ஆனால் உழைப்பை நிறுத்தவில்லை.

கோபுர முத்திரை

1937ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் தேதி ரோம் நகரில் மார்க்கோனி காலமானார். அவர் நினைவாக வானொலி நிலையங்கள் இரண்டு நிமிடம் மௌனம் காத்தன.

இன்று கார்களுக்கு இடையே ரேடியோ அலைப் பேச்சு வந்திருக்கிறது. இந்த ஏற்பாடு உள்ள கார், தான் எங்கே இருக்கிறது, என்ன வேகத்தில் போகிறது என்று வினாடிக்குப் பத்து முறை வரை சொல்லும். முன்னே போகும் கார் பிரேக் போட்டால், பின்னே வரும் காருக்கு உடனே தெரியும். வளைவுக்கு அப்பால் வரும் வண்டியும் தெரியும்.

ஆனால் ஒரு விஷமி சாலையோரம் உட்கார்ந்துகொண்டு, பிரேக் போட்டதாகப் பொய்ச் செய்தி விட்டால்? பின்னே வரும் கார்கள் திடீரென்று நின்று, ஒன்றன்மேல் ஒன்று மோதாவா?

இதற்குத்தான் முத்திரை. கோபுர முத்திரை இல்லாத சர்க்கார் பத்திரத்தை நாம் நம்புவோமா? அதுபோலக் காரின் ஒவ்வொரு செய்தியிலும் கணக்கால் போட்ட ஒரு முத்திரை இருக்கும். பொதுவான ஓர் அமைப்பு, சோதித்துப் பார்த்து அதற்கு அத்தாட்சி கொடுக்கும். செய்தியில் ஓர் எழுத்தை மாற்றினாலும் முத்திரை பொருந்தாது. நேரமும் குறித்திருப்பதால் பழைய செய்தியை எடுத்து மறுபடி விடவும் முடியாது. ஒருவர் எங்கே போகிறார் என்று பிறர் பின்தொடராமல் இருக்க, அத்தாட்சியை அடிக்கடி மாற்றிக்கொள்வார்கள்.

கடலிலோ இந்தக் காவல் இன்னும் முழுதாக வரவில்லை. கப்பல்கள் தம் பெயரையும் இருப்பிடத்தையும் ஏ.ஐ.எஸ். என்ற கருவியால் அறிவிக்கின்றன. அதில் முத்திரை கிடையாது. 2021ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பல் கருங்கடலில் ஒடெஸ்ஸா துறைமுகத்தில் நின்றிருந்தது. ஆனால் வரைபடங்களில் அது செவஸ்தபோல் அருகே போய்க்கொண்டிருப்பதாகக் காட்டியது! யாரோ கதை கட்டிவிட்டார்கள்.

மாஸ்கலின் எழுப்பிய கேள்வி இன்னும் ஓயவில்லை. கதவைத் தட்டும் சத்தம் கேட்டால், யார் என்று கேட்டுவிட்டுத்தானே திறக்கிறோம்? வண்டிக்கும் அந்தப் புத்தி வேண்டும். தூரத்துக் குரலைக் கேட்க மார்க்கோனி கற்றுக்கொடுத்தார். அது யார் குரல் என்று கேட்பது நம் பொறுப்பு.