ருமேனிய மண்ணில் குள்ள டைனோசர்: கண்டு சொன்ன பிரபு ஃபிரான்ஸ் நோப்சாவின் கதை

டைனோசர் என்றாலே மலை மாதிரி ஒரு விலங்குதான் மனசுக்கு வரும். அதிலும் நீளக் கழுத்து கொண்ட டைட்டனோசர் வகை என்றால் கேட்கவே வேண்டாம். 20 மீட்டரைத் தாண்டியவை அதில் பல உண்டு. ஆனால், ருமேனியாவின் ஹட்செக் பள்ளத்தாக்கில் கிடைத்த அதே வகை டைனோசர் ஒன்றை மூக்கு முதல் வால் நுனி வரை அளந்தாலும் சுமார் 6 மீட்டர்தான் வரும். ஒரு வேன் நீளம், அவ்வளவுதான்.

அதன் அறிவியல் பெயர் மாகியாரோசாரஸ் டாகஸ். இந்தப் பெயருக்குள்ளேயே ஓர் எல்லைத் தகராறு ஒளிந்திருக்கிறது. மாகியார் என்றால் ஹங்கேரிக்காரர். டாகஸ் என்பது டேசியாவைக் குறிக்கும் சொல். டேசியர்களைத்தான் ருமேனியர்கள் தங்கள் மூதாதையர் என்று உரிமை கொண்டாடுகிறார்கள். இரண்டு தேசத்தையும் தன் பெயரில் சுமக்கும் இந்த விலங்கை முதலில் ஆராய்ந்து சொன்னவர் ஃபிரான்ஸ் நோப்சா. அவருடைய சொந்தக் கதையும் ஏறக்குறைய இதே மாதிரிதான்.

இரண்டு தேசத்துக்கு நடுவே ஒரு குடும்பம்

1877 மே 3 அன்று டிரான்சில்வேனியாவின் டேவா நகரில் பிறந்தார் நோப்சா. இன்று அது ருமேனியா. அன்று ஆஸ்திரிய - ஹங்கேரிப் பேரரசுக்குள் இருந்த ஹங்கேரி ராஜ்ஜியம். நோப்சா குடும்பத்தின் வேர் ஹட்செக் பகுதியின் பழைய ருமேனியக் குறுநிலத் தலைவர்களிடம் போய் நிற்கிறது. காலப்போக்கில் அவர்கள் ஹங்கேரியப் பிரபுக்களோடு கலந்து, அந்த மொழியையும் பட்டங்களையும் ஏற்றுக்கொண்டவர்கள். அவர்கள் நிலத்தில் உழுதவர்களோ ருமேனிய விவசாயிகள். மேலே ஒரு மொழி, கீழே ஒரு மொழி. இந்தப் பிளவு பின்னால் அவரைச் சும்மா விடவில்லை.

குடும்பத்தில் சுவாரசியமான ஆட்களுக்குப் பஞ்சமில்லை. லாஸ்லோ நோப்சா என்ற முன்னோர் பகலில் பெரிய அதிகாரி, இரவில் முகத்தில் கரி பூசிக் கொள்ளையடிப்பவர் என்று ஊரில் ஒரு கதை உலவியது. மோர் யோகாய் என்ற ஹங்கேரிய எழுத்தாளர் இந்தக் கதையை வைத்து நாவலே எழுதிவிட்டார். இன்னொரு பெரியவர், பேரரசி எலிசபெத்தின் அரண்மனை நிர்வாகத் தலைவர். அப்பா எலெக், ஹங்கேரி நாடாளுமன்ற உறுப்பினர். இப்படிப்பட்ட வீட்டுப் பையன் எலும்பு பொறுக்கப் போவான் என்று யார் நினைத்திருப்பார்கள்?

அதற்குக் காரணம் தங்கை இலோனா. 1895-ல் குடும்ப நிலத்தில், இப்போது சன்பெத்ரு என்று அழைக்கப்படும் ஊர்ப்பக்கம் சில விநோத எலும்புகளை அவர் கண்டெடுத்தார். 18 வயது அண்ணன் அவற்றை வியன்னாவுக்கு எடுத்துப் போய், அந்தக் காலத்தின் பெரும் புவியியலாளர் எட்வர்ட் சூஸிடம் காட்டினார். சூஸ் ஆராய்ந்து சொல்வார் என்று பார்த்தால், நீயே படித்து நீயே ஆராய்ந்துகொள் என்று அனுப்பிவிட்டார். 1899-ல், 22 வயதில், வியன்னா அறிவியல் கழகத்தில் அந்த எலும்புகளைப் பற்றி உரை நிகழ்த்தினார் நோப்சா. டெல்மட்டோசாரஸ் என்று இன்று நாம் சொல்லும் வாத்து அலகு டைனோசர் அது.

ஏன் இவ்வளவு சின்னது?

தோண்டத் தோண்ட ஒரு விஷயம் அவரை உறுத்தியது. ஹட்செக்கில் கிடைத்த டைனோசர்களில் பல, மற்ற நாடுகளில் இருந்த தங்கள் சொந்தக்காரர்களைவிடச் சிறியவை. எல்லாம் குட்டிகளோ என்று கேட்டு முடித்துவிடலாம். நோப்சா வேறு மாதிரி யோசித்தார். சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவின் பெரும்பகுதி கடல், நடுநடுவே தீவுகள். ஹட்செக் அப்படி ஒரு தீவு என்றார் அவர். தீவில் இடம் குறைவு, தீனி குறைவு. தலைமுறை தலைமுறையாகப் பெரிய விலங்குகள் அங்கே சிறுத்துப்போகும். மத்தியதரைக் கடல் தீவுகளில் கிடைத்த குள்ள யானை எலும்புகளும் இதே கதையைத்தான் சொல்லின.

சரி, வளர்ந்த விலங்கா, குட்டியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எலும்பை மெல்லிசாகச் சீவி, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கலாம். எலும்பு எவ்வளவு வேகமாக வளர்ந்தது, எப்போது வளர்ச்சி ஓய்ந்தது என்பதெல்லாம் அதன் திசுவில் பதிவாகி இருக்கும். டைனோசர் ஆராய்ச்சியில் இந்த வழியைக் கையாண்ட முன்னோடிகளில் நோப்சா ஒருவர். மற்றவர்கள் எலும்பின் வடிவத்தைப் பார்த்துப் பெயர் வைத்துக்கொண்டிருந்த காலம் அது. எலும்புக்குள் ஓடிய உயிரைப் பற்றி இவர் கேள்வி கேட்டார்.

எல்லாக் கேள்விக்கும் சரியான விடை கிடைத்ததா என்றால், இல்லை. தலையில் கொண்டை உள்ள வாத்து அலகு டைனோசர்கள் ஆண், கொண்டை இல்லாதவை பெண் என்று ஒரு கருத்தை முன்வைத்தார். அவை வெவ்வேறு இனங்கள் என்று பிறகு தெரிந்தது. தரையில் ஓடிய விலங்குகளிலிருந்தே பறவைகள் பறக்கக் கற்றன என்று 1907-ல் எழுதியது பற்றி விவாதம் இன்னும் ஓயவில்லை.

அரியணை ஆசை

இதற்கு நடுவே அல்பேனியா மீது அவருக்குப் பைத்தியம் பிடித்தது. வட அல்பேனிய மலைகளில் ஆண்டுக்கணக்கில் சுற்றினார், மொழி கற்றார், குலங்களின் சட்டங்களையும் வீடுகளையும் உடைகளையும் எழுதி வைத்தார். 1906-ல் புக்காரெஸ்டில் பஜாஸித் எல்மாஸ் டோடா என்ற அல்பேனிய இளைஞரைச் சந்தித்து, தன் செயலாளராக வைத்துக்கொண்டார். அதன்பின் 27 ஆண்டுகள் இருவரும் ஒன்றாகவே வாழ்ந்தார்கள்.

1912-ல் ஓட்டோமான் ஆட்சியிலிருந்து அல்பேனியா விடுதலை அறிவித்ததும், அதற்கு ஒரு ராஜா வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. நோப்சா கை தூக்கிவிட்டார். படை கொடுங்கள், நாட்டைப் பிடித்துக்காட்டுகிறேன்; பணத்துக்கு அமெரிக்கக் கோடீஸ்வரர் வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொள்கிறேன் என்பது அவர் திட்டம். வியன்னா கண்டுகொள்ளவில்லை. வல்லரசுகள் அனுப்பிய ஜெர்மன் இளவரசர் வில்ஹெல்ம் 1914 மார்ச்சில் வந்து, செப்டம்பரிலேயே கிளம்பிவிட்டார். ராஜா ஆகாமல் நோப்சா தப்பித்தார் என்றே சொல்லத் தோன்றுகிறது.

முதல் உலகப் போரில் ஆட்டிடையர் வேடத்தில் உளவு பார்த்தார். வேடம் எடுபட்டதற்குக் காரணம் சரளமான ருமேனிய மொழி. ஆனால் போர் முடிந்தபோது அந்த மொழி பேசியவர்களே அவரை அந்நியராகப் பார்த்தார்கள். 1918 டிசம்பர் 1 அன்று டிரான்சில்வேனிய ருமேனியர்கள் அல்பா யூலியாவில் கூடி, ருமேனியாவோடு இணைவதாக அறிவித்தார்கள். 1920-ல் டிரியனோன் ஒப்பந்தம் அதை உறுதி செய்தது. அடுத்து வந்த நிலச் சீர்திருத்தம் பெரும் பண்ணைகளைப் பிரித்து விவசாயிகளுக்குக் கொடுத்தது. பல தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் உழுதவர்களுக்கு அது நியாயம். நோப்சாவுக்கோ வருமானம், வீடு, தோண்டிய களம் எல்லாம் போச்சு. ஊர்ப்பக்கம் போனபோது விவசாயிகள் அடித்ததில் தலையில் பலத்த காயம்.

தான் சேர்த்த புதைபடிமங்களை லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு விற்றார். 1925-ல் புடாபெஸ்டில் ஹங்கேரியப் புவியியல் நிறுவனத்தின் இயக்குநர் வேலை கிடைத்தது. முன்கோபக்காரர்; கூட வேலை பார்த்தவர்களோடு ஒத்துப்போகவில்லை. 1929-ல் அதையும் விட்டுவிட்டு, பஜாஸிதோடு மோட்டார் சைக்கிளில் இத்தாலி முழுக்கச் சுற்றினார். கையிருப்பு கரைந்தது, உடம்பும் மனசும் தளர்ந்தன.

1933 ஏப்ரல் 25 அன்று, வியன்னா வீட்டில், பஜாஸிதைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் தன் உயிரையும் மாய்த்துக்கொண்டார் நோப்சா. நோயோடும் வறுமையோடும் அவரைத் தனியே விட்டுப்போக மனமில்லை என்று எழுதி வைத்திருந்தார். காதல் காவியம் போல இதைச் சொல்பவர்கள் உண்டு. நடந்தது ஒரு கொலை. வாழ விருப்பமா என்று பஜாஸிதை யாரும் கேட்கவில்லை.

எலும்பு சொன்ன சாட்சி

அதற்கு முந்தைய ஆண்டுதான், ஜெர்மன் ஆய்வாளர் ஃபிரெட்ரிக் ஃபான் ஹுவென அந்த நீளக் கழுத்து டைனோசருக்கு மாகியாரோசாரஸ் என்று புதுப் பெயர் வைத்திருந்தார். நோப்சா 1915-ல் வைத்தது டைட்டனோசாரஸ் டாகஸ். டைட்டனோசாரஸ் என்ற பெயர் நம் ஜபல்பூர் எலும்புகளுக்காக 1877-ல் சூட்டப்பட்டது; நோப்சா பிறந்த அதே ஆண்டு. ஹுவென பெயர் மாற்றிய நேரத்தில் ஹட்செக் ருமேனியாவுக்குப் போய்ப் பத்தாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. ஆனாலும் பெயரில் ஹங்கேரி ஏறிக்கொண்டது.

குள்ள டைனோசர் கருத்தை ரொம்ப காலம் பலர் நம்பவில்லை. 2010-ல் ஜெர்மனி, ருமேனியா, அமெரிக்க ஆய்வாளர்கள் மாகியாரோசாரஸ் எலும்புகளைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். இருப்பதிலேயே சின்ன எலும்பில்கூட, முழு வளர்ச்சி அடைந்த விலங்கின் அடையாளங்கள் தெரிந்தன. குட்டி இல்லை, குள்ளம்தான். அதே பகுதியில் பெரிய டைட்டனோசர் எலும்புகளும் கிடைத்திருப்பதால் எல்லாமே சிறுத்துவிட்டன என்று சொல்ல முடியாது. பறக்கும் ஊர்வனத்தில் ஹட்செகோப்டெரிக்ஸ் என்ற ராட்சதன் வேறு அங்கே இருந்திருக்கிறது. சிறகை விரித்தால் 10 மீட்டர் வரும்.

பஜாஸித் வெறும் செயலாளர் மட்டுமல்ல. தான் பிறந்த மேல் ரேக்கா பள்ளத்தாக்கின் விவசாயிகள் எப்படி வாழ்ந்தார்கள் என்று 1914 வாக்கில் ஒரு நூல் எழுதி வைத்திருந்தார். அது 2007-ல் வியன்னாவில் அச்சேறியது. அதற்கு முன்பு அறிவியல் உலகில் அவர் பெயரைத் தாங்கி நின்றது ஓர் ஆமை. ஹட்செக்கில் கிடைத்த அந்தப் பழங்கால ஆமைக்கு நோப்சா 1923-ல் வைத்த பெயர் கல்லோகிபோட்டியன் பஜாஸிடி. கிரேக்கத்தில் கல்லோஸ் என்றால் அழகு, கிபோட்டியன் என்றால் சின்னப் பெட்டி.