நடந்தே ஊர் ஊராகப் போன சிவா

தர்மபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கத்தில் இருக்கிறது பாப்பாரப்பட்டி. விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவாவுக்கு அங்கே மணிமண்டபம் இருக்கிறது. ஒகேனக்கல் போகிறவர்கள் இதையும் பார்த்துவிட்டு வரலாம், குழந்தைகளே!

சிவா பிறந்தது வத்தலக்குண்டில், 1884 அக்டோபர் 4ம் தேதி. தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனாரோடு சேர்ந்து மேடைகளில் முழங்கினார். 1908ல் இருவரையும் ஆங்கில அரசு கைது செய்தது. சிவாவுக்குக் கிடைத்த தண்டனை 10 ஆண்டுகள். மேல்முறையீட்டில் அது 6 ஆண்டுகளாகக் குறைந்தது. 1912ல் வெளியே வந்தபோது அவரைத் தொழுநோய் பிடித்திருந்தது.

பெருவியாதி என்று சொல்லி மக்கள் நடுங்கிய நோய் அது. அதன் கிருமி மகா தந்திரசாலி! நம் ரத்தத்தில் கிருமிகளை விழுங்கும் செல்கள் உண்டு அல்லவா? இந்தக் கிருமி, தன்னை விழுங்கிய செல்லுக்குள்ளேயே சவுகரியமாகக் குடியிருக்கும். ரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்புப் பொருட்களால் உள்ளே நுழைய முடியாது. அப்போது உதவிக்கு வருபவைதான் 'டி' செல்கள். நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் பயிற்சி பெற்ற வீரர்கள் இவை. உள்ளே கிருமி ஒளிந்திருக்கும் செல்லை அடையாளம் கண்டு, ஒருவித ரசாயனத்தைச் சுரந்து அதை உசுப்பிவிடும். உடனே அந்த செல், வயிற்றுக்குள் இருக்கும் கிருமியைக் கொன்றுவிடும். கொசு கடித்ததும் கல்லீரல் செல்களில் போய் ஒளிகிற மலேரியாக் கிருமியைத் தாக்குவதும் இந்த 'டி' செல்கள்தான்.

பெரும்பாலோர் உடம்பு தொழுநோய்க் கிருமியை இப்படி வென்றுவிடும். சிலருடைய 'டி' செல்கள் மட்டும் இந்தக் கிருமியிடம் சரியாகச் செயல்படாது. அவர்களுக்கே நோய் முற்றுகிறது. தைமஸ் சுரப்பியின் வேலையே 1961ல்தான் தெரிய வந்தது. சிவாவின் காலத்தில் யாருக்கு இது தெரியும்? நோயை முழுதாகக் குணமாக்கும் கூட்டு மருந்தும் 1980களில்தான் வந்தது. இப்போது அரசு ஆஸ்பத்திரிகளில் அது இலவசம்.

தொழுநோயாளி என்று சொல்லி, சிவா ரயிலில் ஏறக்கூடாது என்று அரசு தடை போட்டது. தொற்று பயம் ஒரு சாக்கு. அவருடைய பேச்சைக் கண்டுதான் அதிக பயம் என்று தோன்றுகிறது. சிவா அசரவில்லை. புண்ணான கால்களோடு நடந்தார். முடியாதபோது கட்டை வண்டியில் போனார். ஊர் ஊராகப் பேசினார். 'ஞானபானு' என்ற பத்திரிகையும் நடத்தினார்.

கடைசியில் பாப்பாரப்பட்டியில் ஆசிரமம் அமைத்துத் தங்கினார். பாரத மாதாவுக்கு அங்கே கோயில் கட்ட ஆசைப்பட்டார். 1923ல் வங்காளத் தலைவர் சித்தரஞ்சன் தாஸ் வந்து அதற்கு அடிக்கல் நாட்டினார். கோயில் எழும்புவதைப் பார்க்க சிவாவுக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1925 ஜூலை 23ம் தேதி, அதே ஊரில் காலமானார். அப்போது அவருக்கு வயது 40தான்.