கற்ற கடன் தீர்த்த வீர்சந்த் ராகவ்ஜி காந்தி

சௌராட்டிரக் கடற்கரையில் உள்ள மகுவா என்னும் ஊரில், 1864ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள், சுவேதாம்பர ஜைனக் குடும்பமொன்றில் வீர்சந்த் ராகவ்ஜி காந்தி பிறந்தார். தந்தையார் நகை வணிகர். மகன் கடையில் அமர்வதினும் கல்வியில் உயர்வதே நன்று எனக் கருதிய அவர், உள்ளூர்ப் படிப்பு முடிந்ததும் மகனைப் பாவநகருக்கு அனுப்பினார்.

1879இல், படித்துக்கொண்டிருந்தபோதே வீர்சந்துக்குத் திருமணம் நடந்தேறியது. இல்லறப் பொறுப்பு வந்த பின்னும் படிப்பில் அவர் தளரவில்லை. மறு ஆண்டே மெட்ரிகுலேஷன் தேர்வில் பாவநகர் மாவட்டத்தின் முதல் மாணவராகத் தேறினார். அதனால் சர் ஜஸ்வந்த்சிங்ஜி பெயரால் அமைந்த உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது. அது வறுமைக்கு இரங்கி அளிக்கப்பட்ட பொருளன்று; தகுதிக்கு அளிக்கப்பட்ட சிறப்பு. அச்சிறப்போடு பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் சேர்ந்து, 1884இல் பி.ஏ. ஆனர்ஸ் பட்டம் பெற்றார்.

தேர்வில் முதலிடம் பெறுவதற்கு எடுத்ததை ஐயமறக் கற்கும் பழக்கம் வேண்டும். கற்றதை உரிய நேரத்தில் தெளிவுற எடுத்துரைக்கும் ஆற்றலும் வேண்டும். வீர்சந்திடம் இவ்விரண்டும் கல்லூரியோடு நின்றுவிடவில்லை.

21 வயதில் அவர் இந்திய ஜைன சங்கத்தின் மதிப்புறு செயலாளரானார். அக்காலத்தில் சத்ருஞ்சய மலைக்குச் செல்லும் யாத்திரிகர் ஒவ்வொருவரிடமும் பாலிதானா சமஸ்தானம் வரி தண்டி வந்தது. வீர்சந்த் பம்பாய் ஆளுநர் ரே பிரபுவையும் கர்னல் வாட்சனையும் கண்டு வழக்கை எடுத்துரைத்தார். முடிவில் தலைவரி நீங்கி, ஆண்டுக்கு 15,000 ரூபாய் என ஒரு தொகை வரையறுக்கப்பட்டது. ஏழை யாத்திரிகரும் தடையின்றி மலையேறும் நிலை வந்தது.

அதனினும் பெரிய சோதனை 1891இல் நேர்ந்தது. 20 தீர்த்தங்கரர்கள் வீடுபேறு எய்திய சம்மேத சிகரத்தில், ஆங்கிலேயர் ஒருவர் பன்றிக் கொழுப்பு எடுக்கும் தொழிற்சாலையை நிறுவினார். அகிம்சையை உயிரெனப் போற்றும் மக்களின் புனித மலை கொலைக்களமாகும் நிலை. வழக்காட வீர்சந்த் கல்கத்தா சென்றார். வழக்குக்கு வேண்டிய ஆவணங்களைப் பிறர் சொல்லக் கேட்டறிவதோடு அவர் மனம் நிறைவடையவில்லை. அங்கேயே ஆறு மாதம் தங்கி வங்க மொழியைக் கற்று, ஆவணங்களைத் தாமே படித்தறிந்தார். தொழிற்சாலை மூடப்பட்டது, மலை தன் தூய்மையை மீண்டும் பெற்றது.

1893 செப்டம்பரில் சிகாகோவில் உலகச் சமயப் பேரவை கூடியது. ஆசாரியர் விஜயானந்த சூரி அழைக்கப்பட்டிருந்தார். துறவியர் கடல் கடந்து செல்லுதல் நெறியன்று ஆதலால், அவர் வீர்சந்தைத் தம் சார்பில் அனுப்பினார். 29 வயது இளைஞர் ஜைன தத்துவத்தை மேலைநாட்டார்க்கு விளங்கும் ஆங்கிலத்தில் எடுத்துரைத்தார். அயல்நாட்டிலும் உணவு நெறியில் சிறிதும் வழுவவில்லை. 1896-97இல் இந்தியாவைப் பஞ்சம் வாட்டியபோது, அமெரிக்காவில் பொருள் திரட்டி, ஒரு கப்பல் தானியமும் ஏறத்தாழ 40,000 ரூபாயும் தாயகம் சேரச் செய்தார்.

1901 ஆகஸ்டு 7ஆம் நாள், 37 வயது நிரம்பும் முன்னரே அவர் மறைந்தார். வாழ்ந்த காலம் குறுகியது. ஆயினும் பெற்ற உதவித்தொகைக்குப் பன்மடங்காக அவர் சமுதாயத்திற்குத் திருப்பி அளித்துவிட்டார். கல்வி உதவி நாடி இன்று தேர்வுக்கு அமரும் நம் பிள்ளைகள் அறிய வேண்டுவது இதுவே: முதன்மை மதிப்பெண் உதவித்தொகையைப் பெற்றுத் தரும், அம்மதிப்பெண்ணை ஈட்டித் தந்த உழைப்பு பிறர்க்குப் பயன்படும்போதே அக்கடன் தீரும்.