நா கட்டுண்ட இமாம்

பக்தாத் நிஜாமிய்யா மத்ரஸாவின் ஆசிரியபீடத்தில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் கி.பி. 1091-ல் அமர்ந்தபோது அன்னாருக்கு வயது ஏறத்தாழ 33. மந்திரி நிஜாமுல் முல்க் தாமே அளித்த பதவி அது. முன்னூறு மாணவருக்குப் பாடம். எஞ்சிய நேரமெல்லாம் தத்துவ நூலாராய்ச்சி, நூலியற்றல். ஓய்வென்பதே இல்லை.

1095-ல் உள்ளம் தடுமாறிற்று. போவதா, இருப்பதா என ஏறக்குறைய ஆறு மாதம் போராடினார்கள். மாணவர் மனம் மகிழ ஒருநாளேனும் பாடஞ்சொல்ல முயன்றார்கள், நா எழவில்லை! உண்ட உணவும் செரிக்கவில்லை. நோயின் வேர் உள்ளத்தில் இருப்பதைக் கண்ட வைத்தியர்கள் கைவிட்டனர்.

பிள்ளைகளின் ஜீவனத்திற்கு வேண்டியதை வைத்து, மற்றதைத் தானம் செய்துவிட்டு டமாஸ்கஸ் சென்றார்கள். அங்கே பள்ளிவாசல் மினாராவில் ஏறிக் கதவை அடைத்துக்கொண்டு பகல் முழுதும் தனித்திருப்பார்கள். சோம்பலன்று அது, திக்ரும் தவமுமாய்க் கழிந்த காலம். பைத்துல் முகத்தஸும் ஹஜ்ஜும் பின்னர். நாற்பது பாகங்கொண்ட இஹ்யா உலூமித்தீன் என்னும் பெருநூல் பதவி துறந்த அவ்வாண்டுகளில்தான் உருவாயிற்று.

1106-ல் நைஸாப்பூரில் மீண்டும் பாடஞ்சொல்ல அமர்ந்தார்கள். முன்பு புகழைத் தேடித்தரும் கல்வியைப் போதித்ததாகவும், இப்போது புகழைத் துறக்கச்செய்யும் கல்வியைப் போதிப்பதாகவும் தாமே எழுதிவைத்துள்ளார்கள். 1111-ல், பிறந்த ஊராகிய தூஸிலேயே வஃபாத்தானார்கள்.