தமிழில் டாக்டர்களை உருவாக்கிய அமெரிக்கர்

டாக்டர் படிப்பைத் தமிழிலேயே சொல்லிக்கொடுக்க முடியுமா?

முடியும் என்று 1864-ம் ஆண்டிலேயே செய்து காட்டினார் ஒருவர். அவர் தமிழர் அல்ல, அமெரிக்கர்! பெயர், சாமுவேல் பிஸ்க் கிரீன்.

கிரீன் 1822-ல் அமெரிக்காவில் பிறந்தார். நியூயார்க்கில் படித்து, 1845-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1847-ல் மிஷன் டாக்டராக இலங்கைக்குக் கப்பல் ஏறினார். அப்போது அவருக்கு வயது 24.

மறு ஆண்டே யாழ்ப்பாணத்தை அடுத்த மானிப்பாயில் வைத்தியமும் பார்த்தார்; இளைஞர்களுக்குப் பாடமும் நடத்தினார்.

தாய்மாரின் துயரம்

அந்தக் காலத்தில் பிரசவம் வீட்டிலேயே நடந்தது. சிக்கல் வந்தால் தாயின் உயிருக்கே ஆபத்து.

கர்ப்பப்பைக்கு முன்புறம், அதை ஒட்டினாற்போல் இருப்பது மூத்திரப்பை. பிள்ளையின் தலை வழியில் சிக்கி நாள்கணக்கில் நின்றுவிட்டால், தலைக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே மூத்திரப்பை நசுங்கும். ரத்த ஓட்டம் நின்று, சதை அழுகி, ஓட்டை விழும். தாய் பிழைத்தாலும் சிறுநீர் ஓயாமல் ஒழுகும். பிள்ளை பிழைப்பது அரிது.

உடம்புக்குள் எது எங்கே இருக்கிறது என்று அறிந்தவர் அருகில் இருந்தால், ஆபத்தை முன்பே உணரலாம். கிரீன் 1857-ல் பிரசவ வைத்திய நூல் ஒன்றைத் தமிழில் கொண்டுவந்தார்.

ஏன் தமிழ்?

ஆங்கிலத்தில் வைத்தியம் கற்றவர்கள் அரசாங்க வேலை தேடி வெளியூர் போனார்கள். கிராமத்து நோயாளி கைவிடப்பட்டான். தமிழில் படித்தவர் ஊரிலேயே இருப்பார் என்று கிரீன் கருதினார். 1864 முதல் பாடங்களைத் தமிழிலேயே நடத்தினார்.

பாடம் நடத்தப் புத்தகம் வேண்டுமே! மாணவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தார். 1872-ல் 'மனுஷ அங்காதிபாதம்' வெளிவந்தது. 800 பக்கங்களுக்கு மேற்பட்ட உடற்கூறு நூல் அது. ரத்தத்தை வடிகட்டும் சிறுநீரகம், சிறுநீரைத் தேக்கும் பை, பிள்ளையைச் சுமக்கும் கர்ப்பப்பை ஆகியவற்றைக் கூச்சமின்றித் தமிழில் படிக்க வழி பிறந்தது.

கடைசி ஆசை

அவரிடம் படித்து டாக்டரானவர்கள் 60 பேருக்கு மேல்.

1873-ல் தாய்நாடு திரும்பினார். அங்கும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. அவருடைய உடலியல் நூல் 1883-ல் தமிழில் வெளிவந்தது. அடுத்த ஆண்டே காலமானார்.

தமிழர்களுக்குத் தொண்டு செய்த வைத்தியர் என்பதைத் தன் கல்லறையில் பொறிக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அப்படியே பொறித்தார்கள்.

மானிப்பாய் மருத்துவமனை அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.