ஜேன் ஆடம்ஸ் அம்மையார்

அமெரிக்க ஐக்கிய நாட்டைச் சேர்ந்த இல்லினாய் மாநிலத்தில் சீடர்வில் என்னும் சிற்றூர் ஒன்று உண்டு. அவ்வூரில் மாவரைக்கும் ஆலையும் மரமறுக்கும் ஆலையும் உடையவராய்ச் செல்வாக்குடன் வாழ்ந்தவர் ஜான் ஆடம்ஸ் என்பவர். அவர் மாநிலச் சட்டமன்றத்தின் மேலவையில் 16 ஆண்டுகள் உறுப்பினராக வீற்றிருந்தவர். ஆபிரகாம் லிங்கனின் நண்பர். அவருக்கு 1860ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 6ஆம் நாள் மகளாகப் பிறந்தவரே ஜேன் ஆடம்ஸ் அம்மையார்.

இரண்டு வயதிலேயே அவர் தாயை இழந்தார். முதுகெலும்பைப் பற்றிய நோயொன்றால் அவருடைய முதுகு சற்றே வளைந்துபோயிற்று. அழகிய தோற்றமுடைய தந்தையாருக்குத் தம்மால் இழுக்கு நேருமோ என்று அஞ்சி, சில ஞாயிறுகளில் வழிபாடு முடிந்து திரும்புகையில் அவர் அருகே நடவாமல் தந்தையாரின் உடன்பிறந்தார் அருகே ஒதுங்கி நடப்பாராம். தாம் பட்ட இச்சிறு துன்பமே பிறர் துன்பத்தை அறியும் கண்ணை அவருக்கு அளித்தது போலும்!

ஏழு வயது நிரம்புவதற்குமுன் ஒருநாள் தந்தையாருடன் அண்டை நகருக்குச் சென்றார். அங்கே ஆலையை அடுத்த ஏழையர் பகுதியை முதன்முதலாகக் கண்டார். இத்துணைச் சிறிய வீடுகளில், இவ்வளவு நெருக்கமாக மக்கள் ஏன் வாழ்கின்றனர் என்று வினவினார். தந்தையார் தக்கவாறு விடை கூறினார். அது கேட்ட சிறுமி, தான் வளர்ந்தபின் பெரிய வீடொன்றில் வாழப்போவதாகவும், அவ்வீடு செல்வர் மாளிகைகளுக்கு நடுவே இராமல் இத்தகைய சிறு வீடுகளுக்கு நடுவிலேயே இருக்கும் என்றும் உறுதியாகச் சொன்னாள். குழந்தைகள் இவ்வாறு எத்தனையோ சொல்வதுண்டு. பெரும்பாலானவை சொன்ன அன்றே மறந்துபோகும்.

1881ஆம் ஆண்டில் ஜேன் ராக்ஃபோர்டு நகரில் கல்வியை முடித்தார். அவ்வாண்டிலேயே தந்தையாரும் காலமானார். மருத்துவம் பயிலத் தொடங்கி, உடல்நலம் இடங்கொடாமையால் அதனையும் விட்டார். கையில் பொருளும் நெஞ்சில் இரக்கமும் இருந்தும், இன்னது செய்வதென்று அறியாமல் அவர் ஆண்டுகள் பலவற்றைக் கழித்தார்.

1883ஆம் ஆண்டு ஐரோப்பாவிற் பயணம் செய்தபோது, இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் ஒரு சனிக்கிழமை இரவு அவர் கண்ட காட்சி நெஞ்சைப் பிளப்பது. விற்பனையாகாது அழுகிய காய்கனிகளை அங்கே ஏலம் விட்டுக்கொண்டிருந்தனர். விளக்கொளியில், கந்தலுடுத்த மக்கள் கூட்டம் அவற்றிற்காகக் கைகளை உயர்த்தி நின்றது. ஏலத்தில் ஒரு கோசினைப் பெற்றவன் வழிநடையிலேயே அமர்ந்து, அதனைக் கழுவாமலும் வேகவையாமலும் கடித்து உண்டான். வெறுமையாய் உயர்ந்த அக்கைகள் அம்மையாரின் உள்ளத்தை விட்டு நெடுங்காலம் அகலவில்லை. 1888ஆம் ஆண்டில் மீண்டும் இலண்டனுக்குச் சென்றபோது டாயின்பி மன்றத்தைக் கண்டார். பல்கலைக் கழகத்திற் பயின்ற இளைஞர்கள் ஏழையர் நடுவிலேயே குடியிருந்து அவர்களோடு பழகித் தொண்டு செய்த இடம் அது. தம் இளமைச் சொல்லை நிறைவேற்றும் வழி அம்மையாருக்கு அங்கே புலப்பட்டது.

1889ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 18ஆம் நாள், சிகாகோ நகரின் ஹால்ஸ்டெட் தெருவில் ஹல் என்பார் கட்டிய பழைய மாளிகை ஒன்றில், தோழியார் எல்லன் கேட்ஸ் ஸ்டாருடன் அவர் குடிபுகுந்தார். மாளிகையின் ஒரு பக்கத்தில் மதுக்கடை. மறுபக்கத்தில் ஈமச் சடங்கிற்கு வேண்டுவன விற்கும் கடை. சுற்றிலும் இத்தாலியர், செருமானியர், கிரேக்கர், அயர்லாந்தினர், போலந்திலிருந்தும் உருசியாவிலிருந்தும் வந்த யூதர் என்றின்னோர் பிழைப்புத் தேடி வந்து நெருங்கி வாழ்ந்தனர். இன்ன தொண்டுதான் செய்வதென்று வரையறுத்துக்கொண்டு அம்மையார் அங்கே செல்லவில்லை. அயலாராக இருந்து அவர்கட்கு வேண்டுவது இன்னதென அறிவோம் என்றே சென்றார்.

வேண்டுவன விரைவிலேயே தெரிந்தன. தாய்மார் வேலைக்குச் செல்லக் குழந்தைகள் பூட்டிய வீட்டிற் கிடந்தன. ஒரு குழந்தை மூன்றாம் மாடிச் சாளரத்திலிருந்து விழுந்து ஊனமுற்றிருந்தது. மற்றொன்று தீயிற் பட்டிருந்தது. பிறிதொரு குழந்தையை மூன்றாண்டுகள் நாள்தோறும் மேசைக் காலிற் கட்டிவைத்துச் சென்றமையால் அதன் முதுகெலும்பே வளைந்திருந்தது. தம் முதுகின் வளைவை எண்ணி நாணியிருந்த அம்மையார் அக்குழந்தையை எவ்வாறு நோக்கியிருப்பார்! உடனே குழந்தைகள் காப்பகம் ஒன்று எழுந்தது. பின்னர்க் குளியலறைகளும், வாசகசாலையும், இரவுப் பள்ளியும், வேலை செய்யும் பெண்களுக்கு உறைவிடமும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின.

எல்லாம் இனிதே முடிந்தன என்று எண்ணிவிடல் வேண்டா. உடலுக்கு நலந்தரும் உணவைக் குறைந்த விலைக்கு அளிக்கும் பொதுச் சமையற்கூடம் ஒன்றை அறிவியல் முறைப்படி அமைத்தனர். அயலார் அதனை விரும்பி வாங்கவில்லை. அவ்வுணவிற் சத்து இருப்பதை ஒப்புக்கொண்ட ஒரு பெண்மணி, தனக்குப் பிடித்ததைத் தின்பதே தனக்கு விருப்பம் என்று கூறிவிட்டார். ஏழைக்கும் நாச்சுவை உண்டு என்பதை அறிஞர்கள் பலர் மறந்துவிடுகின்றனர்.

இதனினும் கொடிய பிழை ஒன்று நேர்ந்தது. 1893ஆம் ஆண்டு அந்நாட்டு வணிகம் நிலைகுலைந்தது, பல்லாயிரவர் வேலையிழந்தனர். சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் எழுத்தராயிருந்த ஒருவர், வேலையின்றித் தம் குடும்பத்திற்காக உதவி நாடி அம்மையாரிடம் வந்தார். கிடைக்கும் வேலை எதனையும் முயன்று பார்த்த பின்னரே உதவி கேட்டல் வேண்டும் என்பது அக்காலத்து அறநிலையங்களின் விதி. அம்மையாரும் அவ்விதியைப் பற்றி நின்று, கால்வாய் வெட்டும் பணி இருப்பதை எடுத்துரைத்தார். எப்போதும் உள்ளேயிருந்து எழுதிப் பழகிய தம் உடல், குளிர்காலத்தில் வெளிவேலையைத் தாங்காது என்று அவர் சொன்னார். எனினும் விதி விதியே அன்றோ! அவர் மீண்டும் உதவி கேட்க வரவில்லை. இரண்டு நாள் கால்வாய் வெட்டினார். நிமோனியாக் காய்ச்சல் கண்டு, ஒரு வாரத்தில் இறந்தார். அவர் விட்டுச்சென்ற குழந்தைகள் இருவரையும் காணுந்தோறும் அம்மையார் மனம் கசந்தார். ஒருவனது வாழ்க்கையை முழுதும் அறியாமல் விதி கொண்டு அவன் துயரை அளக்கலாகாது என்பதைத் தாம் கற்றதற்கு விலை கொடுத்தவர்கள் அக்குழந்தைகளே என்று தம் நூலில் ஒளியாமல் எழுதி வைத்தார். தம் பிழையை இவ்வாறு எழுதிவைக்கும் பெரியோர் சிலரே.

முதியோர் துன்பமும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. வறிய மூதாட்டி ஒருத்தியை அரசாங்க ஏழையர் விடுதிக்கு அழைத்துச் செல்ல அலுவலர் வந்திருந்தனர். அம்மையார் விரைந்து சென்று பார்த்தபோது, அம்மூதாட்டி தன் பழைய இழுப்பறைப் பெட்டியின்மேல் விழுந்து அதனை இறுகப் பற்றியிருந்தாள். பெட்டியையும் சேர்த்துத் தூக்கினாலன்றி அவளைப் பெயர்க்க இயலாது. அவள் அழவும் இல்லை. வலையிற்பட்ட விலங்கு போல் கீச்சிட்டாள். சூழ்ந்து நின்ற ஏழைப் பெண்கள், முதுமையில் தமக்கும் இந்நிலை வருமே என்று திகைத்து நின்றனர். அவர்களும் அம்மையாரும் கூடி அவளைக் காப்பதாக வாக்களிக்கவே, அலுவலர் அவளை விட்டுச் சென்றனர். அதன்பின் ஆண்டுகள் சிலவற்றில், கோடைதோறும் ஏழையர் விடுதியிலிருந்து ஐந்தாறு மூதாட்டியரை இரண்டு வார விருந்தினராக அம்மையார் அழைத்தார். அவர்கள் பழைய தெருக்களைச் சுற்றி வந்து, தெரிந்தவர் வீடுகளிலே தேநீர் அருந்தி, அளவளாவி மீள்வர். விடுதிக்குத் திரும்பினால் அடுத்த குளிர்காலம் முழுதும் பேசுவதற்கு அவர்களிடம் செய்தி இருக்கும்.

தெருவிற் குவிந்த குப்பையால் குழந்தைகள் நோயுற்றமை கண்ட அம்மையார், 1895ஆம் ஆண்டில் தம் வட்டத்தின் குப்பைக் கண்காணிப்பாளர் பதவியைத் தாமே ஏற்றார். விடியற்காலையில் எழுந்து குப்பை வண்டிகளைத் தொடர்ந்து சென்றார். ஒரு சந்தில் 18 அங்குலக் குப்பைக்கு அடியிலிருந்து கல் பாவிய தளம் வெளிப்பட்டதாம்! அவருடைய இல்லத்தில் வாழ்ந்த பிளாரன்ஸ் கெல்லி அம்மையார் முயற்சியால், 14 வயதிற்குட்பட்ட சிறுவரைத் தொழிற்சாலைகளில் அமர்த்தலாகாது என்னும் சட்டம் 1893ஆம் ஆண்டில் இல்லினாயில் நிறைவேறியது. உதவும் குடும்பங்களின் தொகை பெருகப் பெருக, அன்புடைய சிலரின் கைகள் மட்டும் போதா, அரசும் கைகொடுத்தல் வேண்டும் என்ற எண்ணம் அவ்வில்லத்தாரிடம் வேரூன்றியது. துணையற்ற தாய்மாருக்குப் பொது நிதியிலிருந்து உதவும் சட்டத்தை 1911ஆம் ஆண்டில் இல்லினாய் மாநிலம் இயற்றியது.

முதல் உலகப்போரை எதிர்த்தமையால் அம்மையார் பெரும்பழிக்கு ஆளானார். புகழ்ந்த இதழ்களே இகழ்ந்தன. அதே பணிக்காக 1931ஆம் ஆண்டில் அமைதிக்கான நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. அமெரிக்கப் பெண்மணிகளுள் அதனைப் பெற்ற முதல்வர் அவரே.

1935ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் நாள் அம்மையார் காலமானார். ஹால்ஸ்டெட் தெரு மக்கள் ஆயிரக்கணக்கில் வந்து வணங்கிச் சென்றபின், அவர் உடல் பிறந்த ஊராகிய சீடர்விலில் அடக்கம் செய்யப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் 14ஆம் நாள், முதியோர்க்கும் ஆதரவற்ற குழந்தைகட்கும் உதவும் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார். அச்சட்டத்தை வகுத்த குழுவிற்குத் தலைமை தாங்கிய பிரான்சிஸ் பெர்க்கின்ஸ் அம்மையார், இளமையில் ஆசிரியையாய் இருந்த நாளில் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் அந்தப் பழைய மாளிகைக்கு வந்து தொண்டு செய்தவர்.