நாடகமே பள்ளியாக

தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். பழநி தண்டபாணி சுவாமிகளிடம் இலக்கணம் கற்றவர். இளமையில் உப்புப் பண்டகசாலையில் கணக்கெழுதியவர். 24ஆம் அகவையில் அத்தொழிலைத் துறந்து நாடகம் புகுந்தார். நடிகராய், ஆசிரியராய் விளங்கி, நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்களை யாத்தளித்தார்.

மேடையில் கட்டுப்பாடு குலைந்திருந்த காலம் அது. மூத்த நடிகரைத் திருத்துவதினும் சிறுவரைப் பயிற்றுவதே நன்றெனத் தெளிந்தார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். வறுமையால் கல்வி இழந்த சிறுவர்க்கு அச்சபை உண்டியும் உறையுளும் ஈந்தது. பாட்டும் நடிப்பும் திருந்திய உச்சரிப்பும் கற்பித்தது. பெற்றோரைப் பிரிந்து, இரவெல்லாம் விழித்தாடியதே பிள்ளைகள் அதற்குச் செலுத்திய விலை. அவருள் ஒருவரான தி. க. சண்முகத்துக்கென அபிமன்யு நாடகத்தைச் சுவாமிகள் ஓரிரவிலேயே எழுதி முடித்தார் என்பர்.

இறுதி நாளில் பக்கவாதம் அவர்தம் நாவை முடக்கிற்று. ஆசான் பேச்சிழந்தார், அவர் பயிற்றிய சிறுவரோ அவருரையை மேடைதோறும் முழக்கினர். 13.11.1922இல் புதுச்சேரியில் அவர் மறைந்தார். மூன்றாண்டில், 1925இல், சண்முகம் உடன்பிறந்தார் தமக்கென ஒரு பால சபை கண்டனர். சுவாமிகள் கட்டடம் எதையும் விட்டுச் செல்லவில்லை. மாணாக்கரை விட்டுச் சென்றார்.